மதிய வகுப்பில் கண் சொருகும் மகள்: காபியும் கோழித் தூக்கமும் எந்த அளவுக்கு உதவும்?

காவிரிக்கரை

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு 17 வயது, எடை 45 கிலோ. பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டு, நீட் தேர்வை மீண்டும் எழுதுவதற்காக விடுதியுடன் கூடிய ஒரு பயிற்சி மையத்தில் தங்கிப் படிக்கிறாள். காலை 5 மணிக்கு மணி அடித்து எழுப்பிவிடுவார்கள். இரவு நேரப் படிப்பு 10.30க்கு முடிகிறது என்றாலும், மறுநாள் தேர்வுக்குப் பார்க்க வேண்டியதையும் பார்த்துவிட்டு அவள் படுக்க 11.30 ஆகிவிடுகிறது.

காலை வகுப்புகளில் எப்படியோ சமாளித்துவிடுகிறாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு 2 மணிக்குத் தொடங்கும் இயற்பியல் வகுப்பில்தான் சிக்கல். போன வாரம் பார்க்கப் போனபோது தன் நோட்டைக் காட்டினாள். பக்கத்தின் மேல்பாதி அச்சடித்ததுபோல் இருக்கிறது. அதன் பிறகு எழுத்துகள் கோட்டை விட்டுக் கீழே இறங்கி, ஒரு சமன்பாட்டின் நடுவில் பேனா வெறும் கீற்றாக இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. அந்தப் பக்கத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை.

தூக்கத்தை விரட்ட அவள் காலையில் ஒரு காபி, மதியச் சாப்பாட்டோடு ஒரு காபி, மாலையில் ஒரு தேநீர், இரவு 8.30க்கு மறுபடியும் ஒரு காபி குடிக்கிறாள். வாரத் தேர்வுக்கு முந்தைய நாள்களில் 20 ரூபாய்க்குக் கிடைக்கும் எனர்ஜி ட்ரிங்க்கும் சேர்ந்துகொள்கிறது. மதியம் சிறிது நேரம் படுத்து எழட்டுமா என்று மையத்தில் கேட்டால், பழக்கம் கெட்டுவிடும் என்று மறுத்துவிட்டார்கள். காபியை எந்த நேரத்தில், எவ்வளவு குடித்தால் பயன் உண்டு, பகலில் சிறிது நேரம் கண்ணயர்வது உண்மையிலேயே கெடுதலா என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

வெண்சங்கு

வணக்கம் சகோதரி. நான் உடலியங்கியல் கற்பிப்பவன். நீங்கள் கொடுத்த விவரங்களை வைத்தே பேசுகிறேன்.

நாம் விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது தனக்குரிய ஏற்பிகளில் போய் அமரும்போதுதான் கண் சொருகுகிறது, கவனம் தளர்கிறது. தூங்கும்போது அது கரைகிறது. காஃபின் செய்வதெல்லாம், அடினோசின் அமர வேண்டிய நாற்காலியில் தான் முந்திக்கொண்டு அமர்ந்துவிடுவதுதான். அடினோசின் எங்கும் போய்விடுவதில்லை, பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கிறது. காஃபின் எழுந்து போனதும் சேர்ந்திருந்த அத்தனை அசதியும் ஒன்றாக வந்து இறங்குகிறது. காபி குடித்தால் தூக்கம் போய்விட்டது என்று நாம் சொல்வது பேச்சுக்குச் சரிதான், ஆனால் உடலைப் பொறுத்தவரை அந்தத் தூக்கக் கடன் அப்படியேதான் இருக்கிறது.

நேரக்கணக்குக்கு வருகிறேன். குடித்த காஃபின் இரத்தத்தில் உச்சத்தை அடையப் பெரும்பாலானவர்களுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். அதில் பாதி உடலை விட்டு நீங்கச் சராசரியாக 5 மணி நேரம் பிடிக்கும். சிலருக்கு இது இன்னும் விரைவாகவும் சிலருக்கு இருமடங்கு மெதுவாகவும் நடப்பதற்குக் கல்லீரலில் உள்ள நொதியின் வேகம் ஆளுக்கு ஆள் வேறுபடுவதே காரணம். உங்கள் மகள் இரவு 8.30க்குக் குடிக்கும் காபியில் 80 மில்லிகிராம் காஃபின் இருப்பதாக வைத்துக்கொண்டால், நள்ளிரவு தாண்டி 1.30க்கும் அதில் 40 மில்லிகிராம் உடலிலேயே இருக்கும். படுத்தவுடன் தூங்கிவிடுவதாக அவள் சொல்லக்கூடும். அசந்து கிடக்கும் பிள்ளைக்கு அப்படித் தூக்கம் வரத்தான் செய்யும். ஆனால் அந்தத் தூக்கத்தின் ஆழம் குறைந்துபோகும். படுப்பதற்கு 6 மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் காஃபின் எடுத்தவர்களின் இரவுத் தூக்கம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் குறைந்ததாக 2013இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. 400 மில்லிகிராம் என்பது பெரிய அளவுதான். ஆனால் உங்கள் மகள் ஏற்கனவே ஐந்தரை மணி நேரம்தான் தூங்குகிறாள், அதிலிருந்து இழப்பதற்கு அவளிடம் எதுவும் மிச்சமில்லை.

அளவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வளரிளம் பருவத்தினருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராம் வரை கவலைக்குரியதன்று. 45 கிலோ எடைக்கு அது 135 மில்லிகிராம். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு உணவு வழிகாட்டுதல்கள், 150 மில்லிலிட்டர் வடித்த காபியில் 80 முதல் 120 மில்லிகிராமும், உடனடிக் காபியில் 50 முதல் 65 மில்லிகிராமும், தேநீரில் 30 முதல் 65 மில்லிகிராமும் காஃபின் இருப்பதாகச் சொல்கின்றன. விடுதிக் காபி பெரும்பாலும் பாலும் சிக்கரியும் கலந்தது, சிக்கரியில் காஃபின் கிடையாது. எனவே குறைந்த மதிப்பையே எடுத்துக்கொண்டாலும், மூன்று காபியும் ஒரு தேநீரும் சேர்ந்து அவளுக்குரிய அளவைத் தாண்டிவிடுகின்றன. எனர்ஜி ட்ரிங்க் இந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை. நம் நாட்டு விதிப்படி அவ்வகைப் பானத்தில் லிட்டருக்கு 145 முதல் 300 மில்லிகிராம் வரை காஃபின் இருக்கலாம், அதாவது 250 மில்லிலிட்டர் பாட்டிலில் 75 வரை. குழந்தைகளுக்கு ஏற்றதன்று என்ற எச்சரிக்கையை அந்தப் பாட்டிலிலேயே பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள்.

இரவுப்பறவை

அம்மா, நான் எம்.பி.பி.எஸ். மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். நீட் பயிற்சியின்போது நானும் இதே மதிய வகுப்புகளில்தான் உட்கார்ந்திருந்தேன் என்பதால் உங்கள் மகளின் நோட்டுப் பக்கம் எனக்கு நன்றாகப் புரிகிறது.

காபியா தூக்கமா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை, இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக்கொள்ளலாம். காபியைக் குடித்துவிட்டு உடனே கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். காஃபின் மூளையை எட்டும் வரை இருக்கும் அந்த 15, 20 நிமிட இடைவெளியில் சிறிது அடினோசின் கரைந்துவிடுகிறது. எழும்போது காஃபினும் வந்து சேர்ந்துவிடுகிறது. இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் ஹார்ன், ரெய்னர் என்ற இருவர், தூக்கம் குறைந்த ஓட்டுநர்களைச் செயற்கை ஓட்டுக் கருவியில் அமர்த்தி 1990களில் இதைச் சோதித்தார்கள். காபியும் சிறு தூக்கமும் சேர்ந்தபோது, தனித்தனியாகக் கிடைத்ததைவிட நல்ல பலன் கிடைத்தது. அதிலும் எனக்கு மிகவும் பிடித்தது, முழுமையாகத் தூங்காமல் அரைத்தூக்கத்தில் கிடந்தவர்களுக்கும் பயன் இருந்தது என்பதுதான். எனக்குப் படுத்தவுடன் தூக்கம் வராதே என்று யாரும் கவலைப்பட வேண்டியதில்லை.

நடைமுறையில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். 1.20க்குள் சாப்பாட்டை முடித்துவிட வேண்டும். காபி நாக்குப் பொறுக்கும் சூட்டில் இருந்தால்தான் இரண்டு நிமிடத்தில் குடித்து முடிக்க முடியும். சுடச்சுட வாங்கி ஊதி ஊதிக் குடித்தால் தூங்க வேண்டிய நேரம் அதிலேயே போய்விடும். மேசையில் துண்டை மடித்து வைத்து, நெற்றி அதில் படும்படி கவிழ்ந்துகொண்டால் வெளிச்சம் கண்ணில் படாது. அலாரத்தை 20 நிமிடத்துக்கு வைத்து, அடித்தவுடன் எழுந்து முகத்தைக் கழுவிவிட வேண்டும். கட்டிலில் போய்ப் படுக்கவே கூடாது, படுத்தால் 20 நிமிடத்தில் எழுவது நடக்காத காரியம்.

கல்லணை

நண்பர் சொல்வது எல்லாருக்கும் பொருந்தாது. நான் மதியம் தூங்கி எழுந்தால் மாலை வரை தலை கனத்து, எதிரில் இருப்பவர் பேசுவதே காதில் ஏறாது. எங்கள் வீட்டில் பகல் தூக்கம் உடலுக்கு ஆகாது என்று பாட்டி காலத்திலிருந்தே சொல்லி வளர்த்தார்கள், சித்த மருத்துவமும் அதைத்தான் சொல்கிறது. மதியம் சோற்றைக் குறைத்தாலே தூக்கம் வராது என்பது என் கருத்து. ஒரு தட்டு நிறையச் சோறும் சாம்பாரும் சாப்பிட்டுவிட்டுத் தூக்கம் வருகிறது என்றால் யார் என்ன செய்ய முடியும்?

வெண்சங்கு

கல்லணை அவர்களே, நீங்கள் சொல்லும் தலைக்கனம் உண்மையானது, அதற்குக் காரணமும் தெரிந்ததே. அரை மணிக்கு மேல் தூங்கினால் மூளை ஆழ்ந்த தூக்கத்துக்குள் இறங்கத் தொடங்குகிறது. அங்கிருந்து பாதியில் எழுப்பப்படும்போது மந்தம் ஒட்டிக்கொள்கிறது. ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தில், முந்தைய இரவு 5 மணி நேரம் மட்டுமே தூங்கியவர்களை மதியம் 5, 10, 20, 30 நிமிடங்கள் என்று வெவ்வேறு அளவில் தூங்கவைத்து 2006இல் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 10 நிமிடம் தூங்கியவர்கள் எழுந்தவுடனேயே தெளிவாக இருந்தார்கள். 30 நிமிடம் தூங்கியவர்களுக்கு முதலில் மந்தம் இருந்து, பிறகுதான் பலன் தெரிந்தது. நம் பெரியவர்கள் வேண்டாம் என்று தடுத்தது, உண்டுவிட்டுப் பாய் விரித்து இரண்டு மணி நேரம் உறங்கும் தூக்கத்தை என்று நினைக்கிறேன். அந்த அளவுத் தூக்கம் இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

சோற்றைப் பற்றி நீங்கள் சொன்னதில் பாதி சரி. வயிறு முட்டச் சாப்பிட்டால் மந்தம் கூடும், உண்ட களைப்பு தொண்டனுக்கும் உண்டு என்று சும்மா சொல்லவில்லை. ஆனால் மதியம் சாப்பிடாமலே இருப்பவர்களுக்கும் 1 மணிக்கும் 4 மணிக்கும் இடையில் விழிப்பு சற்றுத் தளரத்தான் செய்கிறது. அது உடலின் உள் கடிகாரத்தின் ஓட்டத்திலேயே உள்ள இறக்கம். இரவுத் தூக்கம் போதாதவர்களுக்கு அந்த இறக்கம் பள்ளமாகிவிடுகிறது.

விடுதிக்காப்பாளர்

நான் வேறொரு மாவட்டத்தில் இதுபோன்ற ஒரு விடுதியைக் கவனித்துக்கொள்கிறேன். மையங்கள் ஏன் மறுக்கின்றன என்பதைச் சொன்னால் உங்களுக்குப் பேச வசதியாக இருக்கும். பிள்ளைகளை அறைக்கு அனுப்பினால் பாதிப் பேர் திரும்பி வர மாட்டார்கள், வராதவர்களைத் தேடிக் கதவு கதவாகத் தட்ட ஆள் கிடையாது. ஆசிரியர்களின் தயக்கம் வேறு வகை. தினமும் 20 நிமிடம் என்றால் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் போய்விடுகிறதே, அதில் ஒரு பாடத்தை முடித்துவிடலாமே என்பார்கள்.

நாங்கள் அறைக்கு அனுப்பாமல் வகுப்பறையிலேயே வைத்துக்கொண்டோம். 1.35க்கு விளக்கை அணைத்துவிட்டு, மின்விசிறியை மட்டும் ஓடவிடுவோம். தூங்க விரும்புகிறவர்கள் மேசையில் கவிழ்ந்துகொள்வார்கள், விரும்பாதவர்கள் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். 1.55க்கு மணி. முதல் வாரம் சிரிப்பும் கிசுகிசுப்புமாகத்தான் இருந்தது, பிறகு அடங்கிவிட்டது. மதிய வகுப்பு ஆசிரியர்கள் இப்போது இதை நிறுத்தச் சொல்வதில்லை. மகளின் மையத்தில் தனியாக அவளுக்கு மட்டும் அனுமதி கேட்காமல், நான்கைந்து பெற்றோர் சேர்ந்து போய் எல்லாருக்குமாக இந்த ஏற்பாட்டைக் கேளுங்கள். ஒரு பிள்ளைக்கு விதிவிலக்குக் கொடுப்பது நிர்வாகத்துக்குக் கடினம், பொதுவான கால அட்டவணையை மாற்றுவது அதைவிட எளிது.

வெண்சங்கு

காப்பாளர் ஐயாவின் ஆசிரியர்கள் எழுப்பிய கேள்விக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு நல்ல பதில் இருக்கிறது. டியூக்-என்.யூ.எஸ். மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள், நண்டு, எறும்பு வகைகளைப் பற்றிய பாடத்தை இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு, நடுவில் கிடைத்த ஒரு மணி நேரத்தில் சிலரைத் தூங்கவைத்தார்கள், சிலரை அதே பாடத்தை மறுபடி படிக்கவைத்தார்கள், மற்றவர்களை ஓய்வாக இருக்கவிட்டார்கள். அன்றைக்கே சோதித்தபோது தூங்கியவர்களும் படித்தவர்களும் ஓய்வெடுத்தவர்களை முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதோ, தூங்கியவர்களுக்கு மட்டுமே அந்த முன்னிலை தெளிவாக நிலைத்திருந்தது. 2019இல் வெளிவந்த ஆய்வு இது. இங்கே பேசும் 20 நிமிடத்துக்கு அந்த ஒரு மணி நேரத் தூக்கத்தின் பலனை அப்படியே எதிர்பார்க்க முடியாது. ஆனாலும் தூங்கும் நேரம் படிப்பிலிருந்து திருடிய நேரம் என்ற எண்ணத்தை ஆசிரியர்கள் கைவிட இது போதுமான காரணம்.

செம்பருத்தி

நான் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவராகப் பணிபுரிகிறேன். இவ்வளவு பேசியும் ஒன்றை யாரும் கேட்கவில்லையே என்று எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. சகோதரி, மகளுக்கு ஹீமோகுளோபின் எவ்வளவு என்று எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா?

2019-21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தச் சோகை. எப்போதும் அசதி, படியேறினால் மூச்சு வாங்குதல், தலைசுற்றல், கவனக்குறைவு ஆகியவற்றோடு என்னிடம் வரும் மாணவிகளில் பலர், தூக்கம் போதவில்லை என்றுதான் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தால் உள்பக்கம் சிவப்பே இல்லாமல் வெளுத்திருக்கும். மாதவிடாய் எத்தனை நாள், எவ்வளவு போகிறது என்று கேட்டால்தான் சொல்வார்கள், தானாகச் சொல்ல மாட்டார்கள். இவர்களுக்குக் காபியைக் கொடுத்து உட்காரவைப்பதால் நோய் மறைந்து கிடக்குமே தவிரத் தீராது.

இன்னொரு சேதி. மதியச் சாப்பாட்டோடு காபி குடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். காபியிலும் தேநீரிலும் உள்ள டானின், கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்புச்சத்தை உடல் ஏற்றுக்கொள்ளவிடாமல் தடுக்கிறது. அதனால்தான் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் இவற்றைத் தவிர்க்கும்படி வெண்சங்கு ஐயா குறிப்பிட்ட அதே வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. பள்ளியில் வாரம் ஒன்று கொடுத்த நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்கிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே இரவுப்பறவை தம்பி சொன்ன முறையில், 1.20க்குச் சாப்பிட்டு 1.30க்குக் காபி என்பதை நான் ஏற்கவில்லை. இரத்தச் சோகை இல்லை என்று தெரியும் வரை அவள் தூக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும், காபி வேண்டாம்.

சளிக்கு அவள் ஏதாவது மாத்திரை எடுக்கிறாளா என்றும் கேளுங்கள். செட்டிரிசின், குளோர்பெனிரமின் போன்றவை மறுநாள் வரைகூடத் தூக்கக் கலக்கம் தரும். இரவில் உரத்த குறட்டை, தைராய்டு குறைபாடு ஆகியவற்றையும் கவனிக்க வேண்டும். போதிய அளவு தூங்கியும் சாப்பிடும்போதும் பேசும்போதும் தூக்கம் மேலிடுகிறது என்றால், தாமதிக்காமல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

இரவுப்பறவை

நன்றி டாக்டர் அக்கா. இரும்புச்சத்தை நான் யோசிக்கவே இல்லை. சாப்பாட்டை 12.30க்கே முடிக்க முடிகிற கல்லூரி மாணவர்களுக்கு வேண்டுமானால் 1.30 காபி சரிப்படும்.

காவிரிக்கரை

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று விடுதிக்குத் தொலைபேசியில் பேசினேன். தூசி ஒவ்வாமைக்காகப் பக்கத்து மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை ஒன்றை இரவில் அவள் போட்டுக்கொண்டிருப்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை வெளியே அனுமதி வாங்கி இரத்தப் பரிசோதனைக்கும் மருத்துவரிடமும் அழைத்துப் போகிறேன். அவளோடு படிக்கும் மூன்று பிள்ளைகளின் பெற்றோரிடம் வகுப்பறைத் தூக்கத்தைப் பற்றியும் பேசிவிட்டேன்.

இரண்டு கேள்விகள் மீதமிருக்கின்றன. காபியை ஒரேயடியாக நிறுத்தலாமா? நீட் தேர்வே மதியம் 2 மணிக்குத்தானே தொடங்குகிறது, அன்றைக்கு என்ன செய்வது?

வெண்சங்கு

ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். தினமும் குடித்துப் பழகியவர்கள் திடீரென்று விட்டால், ஒரு நாளுக்குள் தலைவலியும் எரிச்சலும் தொடங்கி ஒரு வாரம் வரைகூட நீடிக்கலாம். எனர்ஜி ட்ரிங்க்கை இன்றே விட்டுவிட்டு, முதலில் இரவுக் காபியை அரை டம்ளராக்கி, சில நாள் கழித்து எடுத்துவிடுங்கள். அடுத்து மதியக் காபி. காலை 10.30 இடைவேளையில் ஒன்று மட்டும் மிஞ்சினால் போதும், அது சாப்பாட்டிலிருந்தும் தள்ளியே இருக்கும்.

இரவுக் காபி போனால் 11.30 வரை உட்கார முடியாதே என்று அவள் சொல்வாள். அவள் உட்காரத் தேவையில்லை என்பதே என் உறுதியான கருத்து. இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. பெரியவர்களை இரண்டு வாரம் தினமும் 6 மணி நேரம் மட்டும் படுக்கவிட்ட பென்சில்வேனியா ஆய்வு ஒன்றில், அவர்களின் கவனம் முழு இரவுகள் விழித்திருந்தவர்களின் நிலைக்குச் சரிந்தது. ஆனால் அவர்களோ தங்களுக்குத் தூக்கம் அவ்வளவாக இல்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பழகிவிட்டது என்று பிள்ளைகள் சொல்வதை நம்ப முடியாமல் போவது இதனால்தான். 10.30க்குப் படிப்பு முடிந்தவுடன் படுத்தால்கூட ஆறரை மணி நேரம்தான். மதியம் 20 நிமிடம் சேர்ந்தாலும் அது குறைவே. ஞாயிறு காலை அவளை எழுப்பாமல் விடச் சொல்லிக் கேளுங்கள்.

இரவுப்பறவை

தேர்வு நாளைப் பற்றி நான் சொல்கிறேன். 2025இல் 2 மணிக்குத் தொடங்கிய தேர்வுக்கு 1.30க்கே வாயிலை மூடிவிட்டார்கள். அதற்கு வெகுமுன்பே உள்ளே போய்ச் சோதனை முடித்து, வெயிலில் வரிசையில் நின்றுதான் இருக்கையை அடைய முடியும். தேர்வின் முதல் மணி நேரம் சரியாக அந்த மதிய இறக்கத்தில் விழுகிறது. எனவே கடைசி இரண்டு மாதமும் மாதிரித் தேர்வுகளை 2 மணிக்கே எழுதிப் பழகுவது மிக முக்கியம்.

அன்று காலை வழக்கமான நேரத்துக்கு எழட்டும். 11 மணிக்குள் இட்லியோ தயிர்ச்சாதமோ அளவாகச் சாப்பிட்டுவிட்டு, வண்டியிலேயே 15 நிமிடம் கண்ணை மூடட்டும். மருத்துவர் காபிக்குச் சம்மதித்து, மாதிரித் தேர்வு நாள்களில் குடித்துப் பார்த்து வயிற்றுக்கும் படபடப்புக்கும் ஒத்துக்கொண்டால் மட்டும், உள்ளே போவதற்குச் சற்று முன் அரை டம்ளர் குடிக்கலாம். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் விட்டுவிடலாம், முந்தைய இரவுகளில் தூங்கியிருந்தால் அதன் தேவையே இருக்காது. எதுவானாலும் தேர்வு அன்று முதல் முறையாகச் செய்து பார்க்க வேண்டாம் அம்மா.

செம்பருத்தி

ஞாயிறு எடுக்கும் பரிசோதனையில் ஹீமோகுளோபினோடு, உடலில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டினையும் தைராய்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த ஒவ்வாமை மாத்திரையின் அட்டையை மறக்காமல் கையோடு கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள். தூக்கம் அதிகம் தராத வேறு மாத்திரைகள் இருக்கின்றன, அவரே மாற்றி எழுதிக் கொடுப்பார்.